வெள்ளைச் சேலைக்குள் யார்?

தமிழ்த் திரையில் துப்பறியும் படம் எங்கே முடிகிறது, பேய்ப்படம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பது கடினம். மழை இரவு, பாழடைந்த பங்களா, வெள்ளைச் சேலையில் ஓர் உருவம், எங்கிருந்தோ ஒரு பாட்டு, நடுவில் ஒரு கொலை. விசாரிக்க ஒருவர் வருகிறார். அவர் சி.ஐ.டி. அதிகாரியாகவோ டாக்டராகவோ மனநல மருத்துவராகவோ இருக்கலாம். சாமியாராக இருந்ததும் உண்டு. யாராக இருந்தாலும் அவர் விடை காண வேண்டியது ஒன்றுதான்: அந்த உருவம் யார்? அறுபது எழுபது ஆண்டுகளில் இதற்குக் கிடைத்த விடை பலமுறை மாறிவிட்டது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. சினிமாவுக்கு வெகுகாலம் முன்பே கிராமங்களில் கேட்கப்பட்டுவந்த கேள்வி அது.

கோடாங்கியின் விசாரணை

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் வழியில் உள்ள பேரூராட்சி மல்லாங்கிணறு. அதைச் சுற்றித் திருச்சுழி, அருப்புக்கோட்டை வரை விரிந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் வெள்ளாமை, இல்லையென்றால் சீமைக்கருவேலங்காடு. இந்த வட்டாரத்தில் ஒருவருக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வீட்டார் நினைத்தால் கோடாங்கியைத் தேடிப் போவதே பழைய வழக்கம். அவர் உடுக்கை அடித்துப் பாடுவார். பிடிபட்டவர் தலையை விரித்துப் போட்டு ஆடத் தொடங்கியதும் பாட்டை நிறுத்திவிட்டுக் கேள்வியில் இறங்குவார். நீ யாரு, எந்த ஊரு, எப்படிச் செத்த, இந்தப் பிள்ளைய எந்த இடத்துல வச்சுப் பிடிச்ச, என்ன வேணும்னு வந்த?

பெயர், ஊர், சாவின் காரணம், சம்பவ இடம், நோக்கம் என்று எல்லாமே இதில் அடங்கிவிடுகின்றன. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை எழுதுகிறவருக்கும் கிட்டத்தட்ட இவைதான் வேண்டும். பேய் முதலில் பொய் சொல்லும், வேறு பெயர் சொல்லும், மழுப்பும். கோடாங்கி விடாமல் மடக்குவார். கடைசியில் உண்மையான பெயர் வெளிவந்ததும் பாதி வேலை முடிந்தது என்பார்கள். இனி வரமாட்டேன் என்று சத்தியம் வாங்கி, உச்சி முடியில் ஒரு கொத்தைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி வைத்து அறைவதோடு வழக்கு முடிகிறது.

களவு நடந்தாலும் விசாரணை அதே பாதையில்தான் போகும். வெற்றிலையில் மை தடவித் திருடன் முகத்தைப் பார்ப்பது ஒரு முறை. சந்தேகப்பட்டவரைக் கோயில் வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது இன்னொரு முறை. ஆளே தெரியாவிட்டால் துடியான சாமியின் முன் காசு வெட்டிப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மீதி சாமியின் பொறுப்பு. இவற்றால் உண்மை கண்டுபிடிக்கப்பட்டதா என்பது வேறு விஷயம். குற்றவாளிக்குப் பயம் காட்டி வாயைத் திறக்க வைப்பதில் இவை வேலை செய்தன. ‘மை போடப் போறாங்களாம்’ என்ற பேச்சைக் கிளப்பிவிட்டாலே போதும், காணாமல் போன பொருள் மறுநாள் விடியும்போது திண்ணையில் கிடந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

பேயின் பின்னால் ஒரு குற்றம் இருக்கும் என்ற எண்ணமும் இந்த மண்ணுக்குப் பழையது. தென்மாவட்டக் காவல் தெய்வங்களில் பல, அநியாயமாகச் செத்தவர்கள். கொன்றவர்களின் வம்சமே பயந்து போய்ப் பீடம் கட்டிக் கும்பிட்ட கதைகளை வில்லுப்பாட்டில் கேட்கலாம். இதே விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்கு அருகே அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடி வந்து, அண்ணியால் பட்டினி போடப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்தவள் கதை அது. இன்னும் வடக்கே, திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர் நீலியின் கதை நேரடியான வழக்காடு கதை. கொலையுண்ட பெண் பேயாகி, தன்னைக் கொன்றவனின் மறுபிறவியைத் தேடி வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவன் என் புருஷன், என்னை விட்டு ஓடுகிறான்’ என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். சபை அவளை நம்பி, அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று சொல்லி அவளோடு அனுப்புகிறது. விடிந்தால் அவன் பிணம். வாக்குத் தவறாத எழுபது வேளாளர்கள் தீயில் இறங்குகிறார்கள். வாதி, சாட்சி, தடயம், தவறான தீர்ப்பு என்று ஒரு நீதிமன்றப் படத்துக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது. வாதி மட்டும் பேய்.

ஆகவே ஆங்கில நாவல்களின் வழியாகத் துப்பறிவாளர் தமிழுக்கு வந்தபோது பேயை விசாரிக்கும் வேலை இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. நாற்காலியில் ஆள் மாறியது, அவ்வளவுதான்.

பங்களாவும் உயிலும்

தமிழ்த் திரையின் முதல் பெயர்பெற்ற துப்பறிவாளர் காவித்துறவி என்பது வேடிக்கையான பொருத்தம். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்ற பெயரில் படமாக்கியது. எம்.என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டுக் குற்றவாளிகளைப் பிடிக்கும் சாமியாராக வந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வெளிவந்தது. பாட்டே இல்லாத அந்தப் படத்தில் பேயும் இல்லை; இரண்டாம் உலகப்போர்க் காலச் சென்னையில் ஒரு ரேடியோ இன்ஜினீயர் கொலை, ஐந்தாறு பேரின் வாக்குமூலம். ஆனால் நிழலை வைத்து அச்சத்தை உண்டாக்கலாம் என்று பின்னால் வந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது அதுதான். வீணை வித்வானாக உலகம் அறிந்த பாலசந்தருக்கு ஓசையின் அருமை தெரிந்திருந்ததில் வியப்பில்லை. அதில் சி.ஐ.டி. அதிகாரியாக நடித்து வசனமும் எழுதிய ஜாவர் சீதாராமன், பிற்பாடு ‘உடல் பொருள் ஆனந்தி’ என்ற அமானுஷ்ய நாவலை எழுதினார். துப்பும் ஆவியும் ஒரே பேனாவில் இருந்து வந்தன.

பேயை விசாரிக்கும் படத்தின் அச்சு வடக்கிலிருந்து வந்தது. கமால் அம்ரோஹியின் ‘மஹல்’ 1949இல் வெளியாகி, பாழ்மாளிகையும் ஊஞ்சலும் பாடும் பெண்ணும் இல்லாமல் மர்மப்படம் இல்லை என்று ஆக்கிவிட்டது. 1962இல் ‘பீஸ் சால் பாத்’ வந்தது. அதன் வேர் ஷெர்லாக் ஹோம்ஸ் விசாரித்த ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ வரை போகிறது. சதுப்பு நிலத்தில் உலவும் பேய்நாய், அதன் பின்னால் சொத்துக்கு ஆசைப்பட்ட ஓர் உறவினன்: கோனன் டாயில் வகுத்த இந்த ஏற்பாடு இந்தியாவில் பல பிறவி எடுத்தது. 1964இல் ராஜ் கோஸ்லா இயக்கிய ‘வோ கௌன் தீ?’ அந்த வரிசையில் உச்சம். பி.எஸ். வீரப்பா அதைத் தமிழில் தயாரித்தார். சத்யம் இயக்க, ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்க, 1966இல் வந்த அந்தப் படத்தின் பெயர் ‘யார் நீ?’

கோடாங்கியின் முதல் கேள்வியே தலைப்பாகிவிட்டது. மழையில் கார் ஓட்டி வரும் டாக்டர், நடுச்சாலையில் நிற்கும் பெண்ணை ஏற்றிக்கொள்கிறார். அவள் இறங்கும் இடம் கல்லறைத் தோட்டம். பின்னால் அவருக்கு மணம் முடித்து வைக்கப்படும் பெண்ணுக்கும் அதே முகம். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் புத்தியையே சந்தேகிக்கிறார். அதுதான் சதிகாரனுக்கு வேண்டியது. சொத்து கைமாற டாக்டர் பைத்தியம் ஆக வேண்டும். ஒரே முகத்தில் இரண்டு சகோதரிகள் என்பது தெரிந்ததும் பேய் கலைந்துவிடுகிறது. வேதாவின் இசையில் பி. சுசீலா பாடிய ‘நானே வருவேன்’ மட்டும் கலையவில்லை. படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அந்தப் பாட்டு கேட்டால் இருட்டு தெரியும்.

அடுத்த ஆண்டே ஏவி.எம். வண்ணத்தில் ‘அதே கண்கள்’ எடுத்தது. ஏ.சி. திருலோகசந்தர் இயக்கம், ரவிச்சந்திரன், காஞ்சனா, மறுபடியும் வேதா. பெரிய குடும்பம் வாழும் வீட்டுக்குள் முகமூடியணிந்த ஒருவன் புகுந்து கொல்கிறான். தெரிவது கண்கள் மட்டும். வண்ணத்தில் அச்சம் வராது, அதற்குக் கறுப்பு வெள்ளைதான் என்ற நினைப்பை அது பொய்யாக்கியது. பாலசந்தரின் ‘நடு இரவில்’ எடுத்து முடிந்தும் சில ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்து 1970இல் வெளிவந்தது. தீவு பங்களாவில் கூடும் உறவினர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாவது அகதா கிறிஸ்டியின் 1939ஆம் ஆண்டு நாவலின் வழி. அந்த வீட்டில் யாருக்கும் பேய் தெரியவில்லை. ஆனாலும் பார்வையாளர்கள் பேயை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கூட்டத்தில் கைத்திறன் மிகுந்த படம் எது என்று கேட்டால் ‘நடு இரவில்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்காலப் படங்களின் பேய்களை உரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு சித்தப்பாவோ பங்காளியோ கணக்குப்பிள்ளையோ, அவர் கண் வைத்த சொத்தோ இருக்கும். இந்த ஒற்றுமைக்கு இறக்குமதியான கதைகள் மட்டும் காரணமல்ல. ஜமீன்கள் சட்டப்படி ஒழிந்து, பெரிய வீடுகளில் பாகப்பிரிவினை வழக்குகள் மலிந்த காலம் அது; பாதி இடிந்த மாளிகைக்குள் சொத்துச் சண்டை நடக்கும் என்பதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பகுத்தறிவு மேடையும் உச்சத்தில் இருந்தது. பேய் உண்டு என்று கடைசி ரீலில் சொல்லும் துணிச்சல் தயாரிப்பாளர்களுக்கு இல்லை. பேய் இல்லை என்று முதல் ரீலிலேயே சொன்னால் டிக்கெட் விற்காது. பதினான்கு ரீல் பயமுறுத்திவிட்டுப் பதினைந்தாவதில் முகமூடியைக் கழற்றுவது இரு தரப்புக்கும் வசதியான ஏற்பாடு. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) இதற்கு விலக்கு. முற்பிறவி மெய்யென்றே அது சாதித்தது. முன்பு துறவியாக வந்த நம்பியார் இதில் நூறு வயது தாண்டியும் பகை மறக்காத ஜமீன்தார். மறுபிறவி மதத்துக்குள் அடங்கும் என்பதால் அதை யாரும் தடுக்கவில்லை.

அந்தப் படத்தை ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ட், அடுத்த ஆண்டு மலையாளத்தில் தன் முதல் படத்தை இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீர் திரைக்கதை எழுதிய ‘பார்கவி நிலையம்’. பேய்வீட்டுக்குக் குடிவரும் ஓர் எழுத்தாளன், அங்கே உலவும் பார்கவியின் கதையை எழுத உட்கார்ந்து, அவள் கொலை செய்யப்பட்டதைக் கண்டுபிடிக்கிறான். பேயும் நிஜம், கொலையும் நிஜம். இந்தத் தீர்வுக்குத் தமிழ் சினிமா வந்து சேர இன்னும் 45 ஆண்டுகள் ஆயின.

உச்சிவேளை

இந்தப் படங்களின் அச்சம் குளிர்ச்சியானது. மழை, பனிமூட்டம், கொடைக்கானல், கணப்பு எரியும் கூடம், பியானோ. பனிமூட்டத்துக்குப் புகை போட்டார்கள், காற்றுக்குப் பெரிய விசிறி வைத்தார்கள். வெளிப்புற இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்து, லென்ஸின் துளையைச் சுருக்கி வடிகட்டி போட்டு நிலவொளி ஆக்கினார்கள். கூர்ந்து பார்த்தால் பேயின் காலடியில் நண்பகல் நிழல் விழுந்திருக்கும்.

மழை இரவைத் திரையில் பார்த்துப் பயந்த கூட்டத்தில் பெரும்பகுதிக்கு மழையே அபூர்வம். அருப்புக்கோட்டை, விருதுநகர் போன்ற நகரங்களில் நிரந்தரக் கொட்டகைகள் இருந்தன. சிற்றூர்களுக்கு டூரிங் டாக்கீஸ்தான். கீற்றும் துணியும் போட்ட கூடாரம் என்பதால் வெளிச்சம் போனபின்தான் முதல் ஆட்டம். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்து ரெண்டாம் ஆட்டம் பார்த்தவர்கள் நள்ளிரவுக்கு மேல் கண்மாய்க்கரை வழியே, பனங்காட்டு வழியே ஊர் திரும்பினார்கள். ஒளிப்பதிவாளர் செய்யாமல் விட்ட வேலையைப் பனையோலை செய்து முடித்தது.

1976இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘துணிவே துணை’ இந்தக் கூட்டத்தை நேராகக் குறிவைத்தது. பங்களாவிலிருந்து பேய் கிராமத்துக்கு இறங்கியது. இரவு, மாட்டு வண்டி, ஆளரவமற்ற பாதை, பாடிக்கொண்டு வரும் வெள்ளை உருவம். பேய்ப் புரளியைக் கிளப்பிவிட்டு அதன் மறைவில் வேலை பார்க்கும் கும்பல். அதை உடைக்க வரும் ஜெய்சங்கர். கதையின் பிற்பாதி வழக்கமான சண்டைப்படம். அந்த வண்டிப் பயணம் மட்டும் பார்த்தவர்களின் நினைவில் தனியே தங்கிவிட்டது. இரவில் ரயிலை விட்டிறங்கி வண்டிக்குக் காத்திருந்த அனுபவம் எல்லாருக்கும் இருந்தது.

ஆனாலும் மல்லாங்கிணற்றுப் பக்கத்து அச்சத்தை எந்தப் படமும் முழுதாகத் தொடவில்லை. வறண்ட நாட்டில் நள்ளிரவுக்கு இணையாக அஞ்சப்பட்டது உச்சிவேளை. நிழல் காலடிக்குள் ஒடுங்கும் அந்த நேரத்தில் முனி நடமாடும் என்று பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். கஞ்சிச் சட்டி தூக்கிக் காட்டுக்குப் போகும் பெண் முந்தானையில் ஒரு துண்டு இரும்போ அடுப்புக்கரியோ முடிந்துகொள்வாள். எங்கும் வெளிச்சம், ஒளிய இடமில்லை, கானல் அலைகிறது, ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. இருட்டு எதையோ மறைக்கிறது என்று பயப்படலாம். எல்லாம் தெரிகிற வெயிலில் வரும் பயத்துக்குக் காரணம் சொல்ல முடியாது. இதை எழுத்தில் பிடித்தவர் இந்த ஊரிலேயே 1966இல் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன். அவருடைய ‘நெடுங்குருதி’ நாவலின் வேம்பலை கிராமத்தில் வெயில் ஒரு பாத்திரமாகவே உலவுகிறது. களவைத் தொழிலாகக் கொண்டவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் அங்கே வாழ்ந்து சாகிறார்கள். ராமகிருஷ்ணன் ‘பாபா’, ‘சண்டக்கோழி’ போன்ற படங்களுக்கு வசனமும் எழுதியிருக்கிறார். அந்த வேம்பலை வெயில் இன்னும் திரைக்கு வரவில்லை.

பேய் மெய்யாகிறது

1970களின் கடைசியில் கடைசி ரீலின் பழைய ஒப்பந்தம் முறிந்தது. மலையாள ‘யட்சகான’த்தைத் தழுவி துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978) படத்தில் பெண்ணைப் பிடித்திருப்பது உண்மையான ஆவி. ரஜினிகாந்த் அதை விசாரிக்கிறார். முகமூடியைக் கழற்ற முடியாது என்பதால் போராட்டம் வேறு வகையாகிறது. 1984இல் மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’ இன்னொரு வழி காட்டியது. பேய் கிடையாது, ஆனால் நடக்கப்போகும் கொலைகள் நாயகிக்கு முன்கூட்டியே காட்சியாகத் தெரிகின்றன. ஓர் இத்தாலியப் படத்தின் தூண்டுதலில், பன்னிரண்டே நாளில் எடுக்கப்பட்டதாகப் பேசப்படும் இந்தப் படத்தில் இளையராஜாவின் பின்னணி இசையும், மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வரும் சத்யராஜும் செய்த வேலை பெரிது. அதன் புதிர் நேர்மையானது: கனவு தடயமாக வைக்கப்படுகிறது, தடயம் சரியாகவே இருக்கிறது, அதற்குப் பொருள் கொள்வதில்தான் நாயகி தவறுகிறாள்.

எழுத்தில் இதே சிக்கலைச் சுஜாதா எடுத்துக்கொண்டார். குமுதத்தில் தொடராக வந்த ‘கொலையுதிர் காலம்’ நாவலில் அவருடைய வழக்கறிஞர்கள் கணேஷும் வஸந்தும் ஒரு பேயுருவத்தைச் சந்திக்கிறார்கள். ஹோலோகிராம் என்ற விளக்கம் கிடைக்கிறது, ஆனால் வாசகரின் சந்தேகத்தை முழுதாக மூடிவிட அவர் சம்மதிக்கவில்லை. பேய்க்கு ஒரு கண், பௌதிகத்துக்கு ஒரு கண்.

கிராமத் தெய்வத்தையே சந்தேகத்துக்குரிய நபராக்கிய படைப்பு சின்னத்திரையில் வந்தது. 1990களின் பிற்பகுதியில் கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்து, நாகா இயக்கிய ‘மர்ம தேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’. மதுரையில் வாழ்ந்து 2024 நவம்பரில் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’ நாவல்தான் மூலம். தப்பு செய்கிறவர்களைக் கருப்பசாமி இரவில் குதிரையேறி வந்து தண்டிக்கும் என்று நம்பும் ஊர் தோட்டக்காரமங்கலம். அங்கே ஒவ்வொருவராகச் சாகிறார்கள். சாமி கொன்றால் அதைக் கொலை என்று யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை. கொலையாளிக்கு இதைவிடப் பாதுகாப்பான மறைவு கிடைக்காது. விசாரணை ஒரு மனிதனின் பிளவுபட்ட மனத்தில் போய் முடிகிறது. ஆனால் அந்த விளக்கத்துக்கு அடங்காத ஒன்றிரண்டு நிகழ்வுகளைத் தொடர் வேண்டுமென்றே மிச்சம் வைத்தது. பகுத்தறிவுக்காரர்களும் சாமி கும்பிடுகிறவர்களும் தத்தம் கட்சிதான் ஜெயித்தது என்று எண்ணிக்கொண்டு எழுந்தார்கள். குதிரைக் குளம்படி கேட்டால் வீட்டுக் கதவைச் சாத்திய ஒரு தலைமுறை இன்று நாற்பதைத் தொடுகிறது. கருப்பின் பீடம் ஊருக்கு ஊர் எல்லையில் நிற்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் அது வெறும் தொடராக இருக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே பிளவுபட்ட மனத்தைத்தான் பெரிய திரையில் ‘சந்திரமுகி’ விற்றது. ஃபாசிலின் ‘மணிச்சித்திரத்தாழு’ (1993), அதைக் கன்னடத்தில் பி. வாசு எடுத்த ‘ஆப்தமித்ரா’ (2004), அதிலிருந்து 2005 ஏப்ரல் 14 அன்று வந்த தமிழ்ப் படம். வேட்டையபுரம் அரண்மனையில் துப்பறிகிறவர் ஒரு மனநல மருத்துவர். கொலையாளி யார் என்பதைவிட நோயாளி யார் என்பதே புதிர். சென்னை சாந்தி தியேட்டரில் 890 நாள் ஓடிய இந்தப் படத்தின் நுட்பம் கடைசிச் சிகிச்சையில் இருக்கிறது. பேய் இல்லை என்று தெரிந்த மருத்துவர், பேயோட்டுகிறவரின் உதவியோடு பேய் கேட்டதைக் கொடுத்து அனுப்பிவைக்கிறார். முதல் முறையாகக் கோடாங்கியும் டாக்டரும் ஒரே மேடையில் கூட்டாக வேலை பார்த்தார்கள். நாற்காலி மீண்டும் பாதி கைமாறியது.

பேயே புகார் கொடுக்கிறது

2009இல் இரண்டு படங்கள் வந்தன. விக்ரம் குமார் இயக்கி, பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த ‘யாவரும் நலம்’ அந்த ஆண்டு மார்ச்சில். புதிதாகக் குடிவந்த அடுக்குமாடி வீட்டில் மதியம் ஓடும் டி.வி. சீரியல், அந்த வீட்டின் நடப்பையே முன்கூட்டிக் காட்டுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் கொல்லப்பட்ட ஒரு குடும்பம் தன் வழக்கை மீண்டும் திறக்கச் சொல்கிறது. மழையும் இல்லை, பங்களாவும் இல்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு மாமியாரும் மருமகளும் பார்க்கும் சீரியலுக்குள் ஆவி வந்தது. கரிசல்காட்டு உச்சிவேளைக்கு நகரம் இதைவிட நெருங்கி வந்ததில்லை.

செப்டம்பரில் ‘ஈரம்’. ஷங்கர் தயாரிக்க, அவரிடம் உதவி இயக்குநராக இருந்த அறிவழகன் இயக்கிய முதல் படம். குளியல்தொட்டியில் இறந்து கிடக்கும் ரம்யாவின் சாவைத் தற்கொலை என்று மூடப் பார்க்கிறார்கள். ஒருகாலத்தில் அவளைக் காதலித்த காவல்துறை அதிகாரி வாசுதேவன் மட்டும் ஏற்கவில்லை. அவளோடு தொடர்புள்ளவர்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் சம்பந்தப்பட்ட விபத்தில் சாகிறார்கள். மனோஜ் பரமஹம்சாவின் ஒளிப்பதிவு படம் முழுவதையும் வெயில்படாத நீலச் சாம்பலில் வைத்து, சிவப்பை மட்டும் அடையாளமாக ஒதுக்கியது. சிவப்பு தென்பட்டால் அவள் அங்கே இருக்கிறாள். இங்கே பேய் துப்பறிவாளரை மிரட்டவில்லை, தடயம் தந்து நடத்திச் செல்கிறது. நாற்பது ஆண்டுகள் சந்தேக நபராகக் கூண்டில் நின்றது புகார்தாரராக மாறியது. பழையனூர் நீலிக்கு இது புதிதல்ல. விசாரணையின் விதிகளை மதித்துப் பேயை உள்ளே விட்ட தமிழ்ப் படங்களில் ‘ஈரம்’ இன்னும் முதலிடத்தில் இருக்கிறது. தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற நாட்டில் தண்ணீரை வைத்தே பயமுறுத்தியது அதன் இன்னொரு துணிச்சல்.

அதன்பின் விதிகளைத் தலைகீழாக்கும் விளையாட்டு. கார்த்திக் சுப்புராஜின் ‘பீட்சா’ (2012) படத்தில் பேய்வீட்டுக் கதையைக் கட்டிவிடுகிறவன் வில்லன் அல்ல, நாயகன். அறுபதுகளில் பங்காளி செய்த தந்திரத்தை, வைரத்தை மறைக்க ஒரு பீட்சா டெலிவரி பையன் செய்கிறான், பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள். மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) படத்தில் விபத்தில் செத்த பெண்ணின் ஆவி, தன்னைக் காப்பாற்ற முயன்றவன் வீட்டில் வந்து தங்குகிறது. அவளை மோதிய வண்டி எது என்று அவன் தேடிப் போகிறான். பச்சையா சிவப்பா என்ற நிறக் குழப்பத்தில் தேடல் வந்து முடியும் இடம் அவனேதான், அவனுக்கு நிறக்குருடு. அவளுக்கு அது முதலிலேயே தெரியும். குற்றவாளியைக் கண்டுபிடித்துப் பழிவாங்காமல் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட பேய் தமிழில் அதற்கு முன் கிடையாது.

2022இல் வந்த ‘சுழல்’ இணையத்தொடர் பேயைக் கைவிட்டு, திருவிழாவை எடுத்துக்கொண்டது. மயானக் கொள்ளை நடக்கும் நாட்களில் ஒரு சிறுமி காணாமல் போகிறாள். ஊரே வேடம் போட்டு, முகத்தில் சாயம் பூசி, அங்காளம்மனாகத் திரியும் இரவில் யார் முகத்தை யார் அடையாளம் காட்டுவது? காவல் அதிகாரிகளின் விசாரணை ஒருபுறமும் சடங்கின் நாட்கணக்கு மறுபுறமும் எட்டுப் பாகங்களில் ஓடுகின்றன.

வறண்ட நாட்டின் வெயிலில் நடக்கும் விசாரணை ஒன்றும் படமாகியிருக்கிறது, பேயில்லாமல். விருதுநகர்க்காரரான வசந்தபாலன், சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ நாவலின் ஒரு பகுதியை வைத்து 2012இல் எடுத்த ‘அரவான்’. பதினெட்டாம் நூற்றாண்டு. சின்னவீரம்பட்டியில் வெளியூர்க்காரன் ஒருவனின் பிணம் கிடக்கிறது. கொன்றவன் யாரென்று தெரியாததால், ஊர் சார்பில் ஒருவனைப் பலி கொடுத்துப் பகையைத் தீர்க்கச் சொல்கிறது அரண்மனை. அந்தத் தலைவிதி வரிப்புலி என்பவன்மீது விழுகிறது. பலி நாள் வருமுன் உண்மையான கொலைகாரனைக் கண்டுபிடித்தால் உயிர் தப்பலாம் என்று அவன் கிளம்புகிறான். காலடித் தடத்தையும் ஊர்ப் பேச்சையும் தவிர அவனிடம் வேறு கருவி இல்லை. தடயம் தீர்ப்பு சொன்ன அரண்மனைக்குள்ளேயே போய் நிற்கிறது. குற்றவாளி தெரிந்தும் அதை நிரூபிக்க வழியில்லாமல் போக, பத்து ஆண்டு தலைமறைவாக இருந்தால் பலி நீங்கும் என்ற வழக்கத்தை நம்பி அவன் ஓடுகிறான். கெடு முடியும் தறுவாயில் பிடிபடுகிறான். பலி நடந்தபின் படம் மரண தண்டனைக்கு எதிரான வாசகங்களோடு முடிகிறது.